மின்சாரம் நின்றால் முட்டை காத்திருக்கும், குஞ்சு காத்திருக்காது

கேள்வி: விசிறி பொருத்திய இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் கருவியில்) 100 நாட்டுக்கோழி முட்டைகளை வைத்து 9 நாட்கள் ஆகின்றன. முந்தைய தொகுதியில் பொரித்த 60 குஞ்சுகள், 5 நாள் வயதுடையவை, இரண்டு 100 வாட் பல்புகளின் கீழ் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. நேற்று இரவு 5 மணி நேரம் மின்சாரம் இல்லை. கருவிக்குள் வெப்பம் 29 டிகிரிக்கு இறங்கிவிட்டது. பெட்டியின் மூலையில் 4 குஞ்சுகள் நசுங்கிக் கிடந்தன. முட்டைகளை எடுத்துப் போட்டுவிடலாமா? இனிமேல் மண்ணெண்ணெய் விளக்கைக் கருவிக்குள் வைக்கலாமா? இரண்டுக்கும் சேர்த்து ஓர் இன்வெர்ட்டர் போதுமா?

பதில்: முட்டைகளை எடுத்துப் போட வேண்டாம். தெர்மாமீட்டர் காட்டிய 29 டிகிரி என்பது கருவிக்குள் இருந்த காற்றின் வெப்பமே. முட்டையின் உட்புறம் காற்றைவிட மெதுவாகத்தான் குளிரும் என்பதால், கரு அந்த அளவுக்குக் குளிர்ந்திருந்தாலும் அது சிறிது நேரமாகவே இருந்திருக்கும். அடைக்கோழியும் இரையெடுக்க நாள்தோறும் 15 முதல் 30 நிமிடம் வரை முட்டைகளை விட்டு எழுந்து போகத்தான் செய்கிறது. 32 டிகிரிக்குக் கீழே 18 மணி நேரம் வரை இருந்த கருக்கள்கூடப் பிழைத்ததுண்டு. குளிர்ச்சி கருவின் வளர்ச்சியை மெதுவாக்கும். எனவே 21ஆம் நாளில் பொரிக்க வேண்டியவை ஒரு நாள் தள்ளிப்போகலாம், பொரிப்பு விகிதமும் சற்றுக் குறையலாம். கருவியை 37.5 டிகிரியிலேயே ஓட விடுங்கள். இழந்த சூட்டை ஈடுகட்டுவதாக எண்ணி வெப்ப அளவைக் கூட்டி வைப்பதுதான் இத்தகைய நேரங்களில் பலர் செய்யும் தவறு. கரு குளிரைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு மிகைச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளாது, 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றாலே பெருஞ்சேதம் ஆகிவிடும். 14ஆம் நாளில், இருட்டறையில் டார்ச் ஒளியில் ஒவ்வொரு முட்டையாகப் பாருங்கள். இரத்த நாளங்கள் தெளிவாகப் படர்ந்து, உள்ளே கருநிழல் பெருத்து அசைந்தால் உயிருள்ளது; நாளங்கள் மறைந்து கலங்கியோ, வளையம்போல் சிவந்த கோடு மட்டும் தெரிந்தோ இருந்தால் நீக்கிவிடலாம். பொரிக்கும் நாள் வந்ததும் அவசரப்படாமல் 23ஆம் நாள் முடியும் வரை காத்திருங்கள்.

அடுத்த முறை மின்சாரம் நிற்கும்போது என்ன செய்வது என்பது முட்டையின் வயதைப் பொறுத்தது. முதல் 10 நாட்களில் கருவுக்கெனத் தனிச் சூடு மிகக் குறைவு. ஆகவே கதவைத் திறக்காமல், காற்றுத் துளைகளை முழுவதும் அடைத்துவிடாமல், கருவியைச் சுற்றிக் கம்பளியோ தெர்மோகோல் பலகையோ போர்த்துங்கள். அதற்கும் மேலே நீண்டால், மூடியிட்ட பாத்திரத்தில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, முட்டையைத் தொடாதபடி கீழ்த்தட்டில் வையுங்கள். 60 டிகிரியில் உள்ள 5 லிட்டர் நீர் 40 டிகிரிக்கு ஆறும்போது வெளிவிடும் வெப்பம், 40 வாட் பல்பு ஏறக்குறைய 3 மணி நேரம் தரும் வெப்பத்துக்குச் சமம். கொதிநீர் தேவையே இல்லை.

16ஆம் நாளுக்குப் பிறகு நிலைமை தலைகீழாகிறது. வளர்ந்த கருக்கள் தாமே சூட்டை உண்டாக்கும். விசிறி நின்றால் சூடான காற்று மேலே தங்கி, மேல்தட்டு முட்டைகள் வெந்துபோகவும் கீழ்த்தட்டு குளிரவும் வாய்ப்புண்டு. அக்காலத்தில் அவற்றுக்குப் பிராணவாயுவும் அதிகம் வேண்டும். நிறைய முட்டைகள் உள்ள கருவியாயின் போர்த்தக் கூடாது; மேல்தட்டின் வெப்பத்தை அவ்வப்போது பார்த்து, 38.5 டிகிரியைத் தாண்டினால் கதவைச் சற்றுத் திறந்து மூடுங்கள்.

மண்ணெண்ணெய் விளக்கைக் கருவிக்குள் வைக்கவே கூடாது. அது பிராணவாயுவைத் தின்று நச்சுவாயுவை விடும். சூட்டையும் கட்டுப்படுத்த முடியாது. குஞ்சுகளுக்குக் கரி அடுப்பு மூட்டுவோரும், வெளியில் வைத்துப் புகை அடங்கும் வரை எரியவிட்டு, கம்பித் தடுப்புடன், சன்னல் திறந்த கொட்டகையில் மட்டுமே வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, ஆகவே ஆள் உறங்கும் அறையில் அது கூடவே கூடாது.

உண்மையில் நேற்று இரவு உங்கள் முதல் கவனம் குஞ்சுகளின்மேல் இருந்திருக்க வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்தும் திறன் போதாது. 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும், பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். சூடு போனதும் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் குவியும், அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் சாகும். நீங்கள் இழந்த 4 குஞ்சுகளும் குளிரில் அல்ல, அந்த நெரிசலில்தான் இறந்திருக்க வேண்டும். எனவே முதல் வேலையாக அட்டையை வளைத்து மூலைகளே இல்லாத வட்டத் தடுப்பாக மாற்றுங்கள்.

மின்சாரம் நின்றதும், வைக்கோலை அழுத்திப் பரப்பிய பெட்டியொன்றுக்கு 25 முதல் 30 குஞ்சுகளாகப் பிரித்து விடுங்கள். மேலே மெல்லிய துணியைக் குஞ்சுகளின் முதுகைத் தொடுமளவுக்குத் தொய்வாகக் கட்டி, பக்கங்களில் காற்றுத் துளைகள் இடுங்கள். தாய்க்கோழியின் இறகுக்கடியில் இருப்பதுபோல, அவற்றின் சொந்தச் சூடே அவற்றைக் காக்கும். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை நடுவில் வையுங்கள். அரை மணிக்கொரு முறை செவிகொடுங்கள்: ஓயாமல் உரக்கக் கீச்சிட்டால் குளிர், வாய் பிளந்து இறக்கையை விரித்து ஒதுங்கினால் மிகைச் சூடு, மெல்லிய முனகலோடு பரவிப் படுத்திருந்தால் சரி. குளிர்ந்துபோன குஞ்சுக்கு முதலில் சூடும், அதன்பிறகு வெதுவெதுப்பான நீரும், கடைசியில் தீவனமும் கொடுங்கள்.

இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை, 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டுமே பயன்படுத்தினால் அதன் ஆயுள் நீடிக்கும். இழப்பு போகச் சுமார் 700 வாட்-மணி கைக்கு வரும். உங்கள் 200 வாட் பல்புகள் மட்டுமே அதை மூன்றரை மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆகவே என் யோசனை, இன்வெர்ட்டரை இன்குபேட்டருக்கு ஒதுக்கி, குஞ்சுகளை வைக்கோல் பெட்டியாலும் வெந்நீராலும் காத்து, இருளில் மிரளாதிருக்க ஒரு சிறிய எல்இடி விளக்கை மட்டும் அவற்றுக்குக் கொடுப்பதுதான். (எல்இடி வெளிச்சம் தருமேயன்றிச் சூடு தராது; பழைய குண்டு பல்பை மாற்றிவிட்டுக் குஞ்சுகளை இழந்தோர் உண்டு.) இன்வெர்ட்டர் வாங்குவதாயின், வீட்டு மின்சாரம்போலச் சீரான அலையாக மின்சாரம் தரும் சைன் அலை வகையையே வாங்குங்கள், சதுர அலை வகையில் விசிறி மோட்டார் இரைந்து சூடேறும். அடுத்த தொகுதியை வைப்பதற்கு முன், கருவியில் நீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கி 37.5 டிகிரிக்கு ஏற்றி, மெயின் சுவிட்சை நீங்களே அணைத்து, வெப்பம் 34 டிகிரிக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். வெந்நீர் வைப்பதற்கு உங்களுக்கு எவ்வளவு அவகாசம் உண்டு என்பதை அந்த எண் சொல்லிவிடும்.