வளவு மரங்கள்: மாரிக்கு முன் வந்த கேள்விகள்

கேள்வி: வீட்டுச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி ஒரு முதிர்ந்த வேம்பு நிற்கிறது. மாரி தொடங்க முன் மேல்பாதியை முழுதாக வெட்டி மொட்டையாக்கிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, உப்புவெளி

செய்யாதீர்கள். மொட்டையடித்த வேம்பு அடுத்த மழைக்கே குப்பென்று தளிர்க்கும். பார்த்தால் மரம் முன்னையைவிடச் செழிப்பாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அந்தத் தளிர்கள் பட்டைக்குக் கீழே உறங்கிக் கிடந்த மொட்டுகளிலிருந்து வந்தவை. உள்மரத்தில் அவற்றுக்குப் பிடிப்பு இல்லை, வெளிப்படலத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். சில வருடங்களில் கை மொத்தத்துக்குப் பருத்து, வாடைக் காற்றுக்கு அடியோடு பிளந்து ஓட்டில் விழுவது இவைதான். இன்னொரு பக்கம், மேலே திறந்து கிடக்கும் அகன்ற வெட்டுமுகத்தால் தண்ணீர் இறங்கி அடிமரம் உள்ளிருந்து உக்கத் தொடங்கும்.

முதலில் காய்ந்த கொப்புகளையும், ஒன்றோடொன்று உரசுகிறவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். கூரைக்கு மேலே நீண்ட கொப்பை இடையில் துண்டிக்கக் கூடாது. அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக் கொப்பு வரை குறுக்க வேண்டும். அந்தப் பக்கக் கொப்பு, வெட்டும் கொப்பின் பருமனில் மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் பொறுப்பை ஏற்கும். ஒரு வருடத்தில் பச்சை இலைப்பரப்பின் காற்பங்குக்கு மேல் போகாதீர்கள். உட்பக்கச் சிறுகிளைகளை வழித்துவிட்டு நுனியில் மட்டும் இலை விடுகிற பழக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. 'காற்றுப் போக வழி' என்பார்கள். பாரம் முழுவதும் நுனிக்குப் போய் கொப்பு இன்னும் அதிகமாக ஆடும், அவ்வளவுதான்.

ஓகஸ்ட், செப்டெம்பரில் முடித்துவிடுங்கள். ஒக்டோபர் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள், மண்ணும் நனைந்துவிடும்.

இன்னொன்று: வேம்புப் பலகைக்கு விலை உண்டு. மரம் வாங்க வந்தவரிடமே 'இது விழுமா?' என்று கேட்டால் பதில் என்னவாக இருக்கும்!

கேள்வி: மாமரத்துக் கொப்பு ஒன்றை வெட்டியபோது பட்டை இரண்டு அடிக்குக் கீழே கிழிந்து வந்துவிட்டது. தார் பூசினோம். இப்போது அந்த இடம் கறுத்து உக்குகிறது. எங்கே பிழை?
— வாசகர், தம்பலகாமம்

மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்திருப்பீர்கள். கொப்பு முழுதாக அறுபட முன்னரே பாரத்தில் சரிந்து பட்டையை உரித்துக்கொண்டு போகும். இதற்கு மூன்று வெட்டு வேண்டும்.

அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கி, பருமனில் மூன்றில் ஒரு பங்கு வரை முதல் வெட்டு. அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து இரண்டாவது. கொப்பு முறிந்து விழும்போது கிழிசல் கீழ்வெட்டில் நின்றுவிடும். மிஞ்சிய கட்டையை மூன்றாவதாக எடுக்க வேண்டும். கொப்பு அடிமரத்தோடு சேரும் இடம் வளையம்போலத் தடித்திருக்கும். அந்தத் தடிப்புக்குச் சற்று வெளியே வெட்டுங்கள். காயத்தை மூடும் புதிய பட்டை அங்கிருந்துதான் வரும். அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்ட அறுத்தால் அந்த வளையம் போய்விடும். அரை அடிக் கட்டையாக விட்டால் கட்டை செத்து, உக்கல் உள்ளே இறங்கும்.

தார், பெயின்ற், எஞ்சின் ஒயில் எதுவும் பூச வேண்டாம். அவை உக்கலைத் தடுப்பதில்லை, ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். கிழிந்து தொங்கும் பட்டையைக் கூர்மையான கத்தியால், பிடிப்புள்ள இடம் வரை சீவிவிட்டு அப்படியே விடுங்கள். மாமரத்தை அறுவடை முடிந்த கையோடு வெட்டுவது நல்லது. பால் தோலில் பட்டால் புண்ணாக்கும். நீளக் கைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: 2020 டிசம்பரில் புரெவிப் புயலுக்குப் பிறகு எங்கள் வாகை சாய்ந்தே நிற்கிறது. ஆபத்தா?
— வாசகர், குச்சவெளி

சாய்வைவிட அடியைப் பாருங்கள். சாய்ந்த பிறகு நுனி மேல்நோக்கி நிமிர்ந்து வளர்ந்திருந்தால் வேர் பிடித்துக்கொண்டது என்று பொருள். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் புடைத்து வெடித்திருந்தால், அல்லது காற்றடிக்கும்போது அடிமண் ஏறி இறங்கினால், மாரி வரை காத்திருக்க வேண்டாம். அடியில் தட்டுப்போன்ற காளான் முளைத்திருப்பதும் கெட்ட அறிகுறி. மரச்சுத்தியலால் சுற்றித் தட்டிப் பாருங்கள். கோறையான இடம் பானைபோல ஒலிக்கும். கோறை இருந்தாலே தறிக்க வேண்டுமென்றில்லை. சுற்றியிருக்கும் நல்ல மரத்தின் தடிப்பு, மரத்தின் ஆரையில் மூன்றில் ஒன்றுக்குக் குறையத் தொடங்கினால்தான் கவலை. குச்சவெளி போன்ற கரையோர மணலில் வேர் பக்கவாட்டில்தான் பரவும். ஆகவே அண்மையில் மதிலுக்கு அத்திவாரம் வெட்டியபோது வேர் அறுபட்டதா என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: சொந்த வளவுப் பலாவைத் தறிக்க அனுமதி வேண்டுமா?
— வாசகர், மூதூர்

வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருபவை. கிராம அலுவலரிடம் சொல்லிவிட்டு பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். தறித்த மரத்தை வெளியே ஏற்றிக்கொண்டு போவதற்கான அனுமதி வேறு. அதையும் அங்கேயே விசாரியுங்கள்.

கேள்வி: வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கும் தென்னையை எடுக்க வேண்டும். ஆட்களிடம் என்ன பேசிக்கொள்வது?
— வாசகி, உவர்மலை

முழுதாகச் சாய்க்க இடமில்லை என்றால் மேலிருந்து துண்டு துண்டாகத்தான். தேங்காய், மட்டை முதலில், பிறகு வட்டு, பிறகு தண்டு. ஒரு அடி விட்டமுள்ள மூன்றடித் துண்டு அறுபது, எழுபது கிலோ வரும். கையால் தள்ளிவிடுகிற பாரமல்ல, கயிறு போட்டு இறக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சார சபைக்கு அறிவித்து இணைப்பைத் துண்டித்த பிறகே ஆள் ஏறலாம்.

கூலி பேசும்போதே நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: மரம் யாருக்கு, குப்பை யார் அகற்றுவது, அடிக்கட்டை எந்த உயரத்துக்கு, ஓடோ மதிலோ உடைந்தால் யார் பொறுப்பு. கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரை அனுப்பிவிடலாம்.

தண்டுத் துண்டுகளை வளவில் போட்டு வைக்காதீர்கள். உக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, அயல் தென்னைகளின் குருத்துக்குப் போகும். நிற்கப்போகும் தென்னைகளில் ஏறப் படி கொத்துவதையும் அனுமதிக்க வேண்டாம். தென்னையில் காயம் ஒருபோதும் மூடாது, செவ்வண்டுக்கு அது திறந்த வாசல்.

கேள்வி: கிணற்றடியில் நிற்கும் அடிக்கட்டையை எரிக்கலாமா?
— வாசகர், சாம்பல்தீவு

கூடாது. ரயர், கழிவு ஒயில் போட்டு எரித்தால் மணல் வழியே நேரே கிணற்றுத் தண்ணீரில்தான் சேரும். நிலமட்டத்துக்குக் கீழே அறுத்து, மேலே ஆட்டெருவும் மண்ணும் கலந்து மூடி ஈரமாக வைத்திருங்கள். வேம்பென்றால் வேரிலிருந்து வரும் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். திருகோணமலை நகரத்துப் பக்கம் என்றால் அந்த வேலையில் பாதியைத் தெருவில் திரியும் மான்களே பார்த்துக்கொள்ளும்; புதுக்கன்று நடுகிறவர்கள்தான் ஐந்தடி வலை அடிக்க வேண்டும்.