புது டெவலப்பர்கள் கேட்கிறார்கள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு நிறையாதவர்களும் அனுப்பியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

மூன்றில் எதில் தொடங்கினாலும் தவறில்லை. இணையப் பக்கங்கள் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட். டேட்டா பக்கம் போக ஆசை என்றால் பைத்தான். நீங்கள் சேர நினைக்கும் இடங்களில் ஜாவா கேட்கிறார்கள் என்றால் ஜாவா. ஆனால் ஒன்றைக் கையில் எடுத்தால் ஆறு மாதமாவது விடாதீர்கள். மொழி மாற்றும் ஒவ்வொரு முறையும் வேரியபிள், லூப் என்று முதல் பாடத்திலிருந்தே தொடங்குவீர்கள். கஷ்டமான பகுதி வரும்போது அடுத்த மொழிக்குத் தாவியிருப்பீர்கள்.

எந்த மொழியானாலும் கூடவே, டேட்டாபேஸில் தகவலைத் தேடவும் மாற்றவும் உதவும் எஸ்க்யூஎல் கற்றுக்கொள்ளுங்கள். 1970-களில் ஐபிஎம்மில் பிறந்த மொழி அது. அதற்குப் பின் எத்தனையோ மொழிகள் வந்து போய்விட்டன, அது அப்படியே நிற்கிறது. டேபிள்களை இணைக்கும் ஜாயினும், தகவலைத் தொகுக்கும் குரூப் பையும் தயங்காமல் எழுத வந்துவிட்டால் முதல் வேலையில் அந்தப் பலன் உடனே தெரியும்.

பல மாதங்களாக வீடியோ பார்த்துக் கற்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் முதல் வரிகூட வரவில்லை. எனக்கு இது ஒத்துவராதோ?

ஒத்துவரும். வீடியோவில் முடிவுகளை எல்லாம் வேறொருவர் எடுத்து வைத்துவிடுகிறார். நீங்கள் பின்னாலேயே போகிறீர்கள், அதனால்தான் புரிகிற மாதிரி இருக்கிறது. தனியாக உட்காரும்போது முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்ன வேலை தருகிறேன். நண்பர்களுக்கு இரவல் கொடுத்த புத்தகங்களைக் குறித்து வைக்க ஒரு நிரல் எழுதுங்கள். வீடியோ வேண்டாம். முதலில் தாளில் எழுதுங்கள்: எதையெல்லாம் சேமிக்க வேண்டும்? புத்தகத்தின் பெயர், வாங்கியவர், தேதி. சரி, ஒரே பெயரில் இரண்டு நண்பர்கள் இருந்தால்? திரும்பி வந்த புத்தகத்தை அழிப்பதா, "வந்துவிட்டது" என்று குறிப்பதா? அழித்துவிட்டால் போன வருடம் யாரிடம் இருந்தது என்று பார்க்க முடியாதே. ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கும் புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுத்ததாகப் பதிவு செய்ய விடலாமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் புரோகிராமிங். பதில் கிடைத்தபின் கோடு எழுதுவது பாதி வேலைதான், அதன் இலக்கணத்தைத் தேடிப் பார்த்து எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

முடித்ததும் யாராவது ஒருவரிடம் பயன்படுத்தக் கொடுங்கள். பெயரைக் காலியாக விட்டுச் சேமிப்பார். பட்டனை இரண்டு முறை தட்டுவார், ஒரே பதிவு இரண்டாக விழும். அதையெல்லாம் சரி செய்தீர்கள் என்றால், இன்டர்வியூவில் "இந்த ப்ராஜெக்டில் என்ன சிக்கல் வந்தது?" என்று கேட்கும்போது சொல்வதற்கு உண்மையான பதில் இருக்கும். கோர்ஸில் எல்லோரும் செய்யும் அதே ஐந்து ப்ராஜெக்டை ரெஸ்யூமில் அடுக்குவதைவிட இந்த ஒன்று பெரியது.

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். கோடு லட்சக்கணக்கான வரிகள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சீனியரிடம் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல ஆசை. நாம் கோடு எழுதத்தான் கற்றுக்கொண்டு வருகிறோம். வேலையிலோ பாதி நேரத்துக்கு மேல் பிறர் எழுதியதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

முழுக் கோடையும் புரிந்துகொள்ள முயலாதீர்கள். பத்து வருடம் இருக்கிறவருக்கும் அது முழுதாகத் தெரியாது. ஒரே ஒரு பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக முகவரியை மாற்றும் பக்கத்தில் இருக்கும் "சேமி". பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அதை அழுத்துங்கள். எந்த இணைய முகவரிக்கு (யுஆர்எல்) என்ன தகவல் போகிறது என்று அங்கே தெரியும். அந்த யுஆர்எல்லைச் சர்வர் பக்கக் கோடில் தேடுங்கள். ஒரு ஃபங்ஷன் கிடைக்கும். அதில் பிரேக்பாயின்ட் வைத்து மறுபடி பட்டனை அழுத்துங்கள், ஓட்டம் அங்கே வந்து நிற்கும். ஒவ்வொரு வரியாக நகர்ந்து, எந்த வேரியபிளில் என்ன இருக்கிறது, எங்கே சரிபார்க்கிறார்கள், கடைசியில் எந்த டேபிளில் போய் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். டேபிளைத் திறந்து அந்தப் பதிவு மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். வழி முழுவதையும் ஒரு தாளில் படமாக வரையுங்கள். முதல் வழிக்கு இரண்டு நாள் பிடிக்கலாம். ஐந்தாவதுக்கு ஒரு மணி நேரம் போதும், ஏனென்றால் பெரும்பாலான வழிகள் ஒரே அமைப்பில்தான் போகும்.

அடுத்து, கோடின் வரலாற்றைப் படியுங்கள். கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவியான கிட்டை (Git) லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக. இன்று உங்கள் டீமும் அநேகமாக அதில்தான் இருக்கும். அதில் பிளேம் என்றொரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, எந்தக் கமிட்டில் (குறிப்போடு பதிவு செய்த மாற்றத்தில்) மாற்றினார்கள் என்று காட்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேதியைச் சரிபார்க்கும் இடத்தில் தேவையே இல்லாததுபோல் தெரிந்த ஒரு நிபந்தனையை நீக்கினேன். சில நாளில் பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களின் பதிவுகள் எதுவும் சேமிக்க முடியாமல் நின்றன. அந்த வரியைச் சேர்த்தவர் கமிட் குறிப்பில் காரணத்தைத் தெளிவாக எழுதி வைத்திருந்தார். நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. விநோதமாகத் தெரியும் வரியைத் தொடுவதற்கு முன் அதன் கதையைப் படிப்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

எரர் செய்தியையும் அப்படியே படியுங்கள். நிறையப் பேர் சிவப்பைப் பார்த்ததும் முழுதாகக் காப்பி செய்து தேடுபொறியில் போடுகிறார்கள். பைத்தானில் விஷயம் கடைசி வரியில் இருக்கும். ஜாவாவில் எரரின் பெயர் மேலே இருக்கும், உண்மைக் காரணம் பல நேரம் கீழே கடைசியாக வரும் "காஸ்டு பை" (Caused by) வரியில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, உங்கள் ப்ராஜெக்டின் ஃபைல் பெயர் வரும் வரியைத் தேடுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

இனி கேட்பது பற்றி. அரை மணி நேரம் நீங்களே முயலுங்கள், அப்புறம் தயங்காமல் கேளுங்கள். இரண்டு நாள் தனியாக மல்லாடிவிட்டு மூன்றாம் நாள் கேட்பதுதான் சீனியருக்கு வருத்தம் தரும். கேட்கும் விதம் முக்கியம். "லாகின் வேலை செய்யவில்லை, என்ன செய்வது?" என்று கேட்டால் அவர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "புதிய பயனர் லாகின் செய்தால் 403 வருகிறது. பழைய பயனருக்கு வரவில்லை. டோக்கன் இருவருக்கும் சரியாக இருக்கிறது. டேபிளில் பார்த்தால் புதியவருக்கு ரோல் காலியாக இருக்கிறது. ரோலை எங்கே நிரப்புகிறோம்?" (403 என்றால் அனுமதி மறுப்பு, டோக்கன் என்பது லாகின் செய்தவரின் அடையாளச் சீட்டு, ரோல் என்பது அவருக்குள்ள அதிகாரம்.) இதற்கு ஒரு நிமிடத்தில் பதில் வரும். இப்படி எழுதும்போதே பாதி நேரம் விடை உங்களுக்கே தெரிந்துவிடும், அனுப்ப வேண்டியே இருக்காது.

ஆங்கிலம் சரளமாக வராது. முன்னேற முடியுமா?

முடியும். ரூபி ஜப்பானில் பிறந்தது, லுவா பிரேசிலில் பிறந்தது. இரண்டையும் உலகமே பயன்படுத்துகிறது. ஆனால் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அது வேண்டும். பேசுவதைவிட முதலில் எழுதப் பழகுங்கள். கமிட் குறிப்பை ஒவ்வொரு முறையும் இரண்டு முழு வாக்கியமாக எழுதினாலே ஒரு வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்டர்வியூவில் அல்காரிதம் கேட்கிறார்கள். வேலையில் அது பயன்படுமா? எவ்வளவு படிக்க வேண்டும்?

கடினமான புதிர்களைத் தினமும் யாரும் போடுவதில்லை. அடிப்படை மட்டும் தினமும் பயன்படும். தலா 10,000 பெயர் கொண்ட இரண்டு பட்டியலில் பொதுவானவற்றைக் கண்டுபிடிக்க லூப்புக்குள் லூப் போட்டால் 10 கோடி ஒப்பீடு வரை போகும். ஒரு பட்டியலை ஹாஷ் செட்டில் (ஒரு மதிப்பு இருக்கிறதா என்று உடனே சொல்லும் அமைப்பு) போட்டுக்கொண்டு தேடினால் சுமார் 20,000 செயல்களில் முடியும். இது தெரியாமல் எழுதிய பக்கங்கள்தான் "திடீரென்று மெதுவாகிவிட்டது" என்ற புகாராக வருகின்றன. அரே, ஹாஷ் மேப், ஸ்டாக், க்யூ, ட்ரீ, வரிசைப்படுத்தல், பைனரி தேடல், ரிகர்ஷன். முதல் வேலைக்கு இவற்றில் உறுதியாக இருந்தால் பெரும்பாலும் போதும்.

மனப்பாடம் மட்டும் வேண்டாம். ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி தேடலிலேயே (வரிசையான பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) ஒரு பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. நடுப்புள்ளியைக் காண இரண்டு எண்களைக் கூட்டும்போது தொகை, சாதாரண முழு எண் வகை தாங்கும் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டினால் அது எதிர்ம எண்ணாகிவிடும். அந்தக் கோடை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-ல் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அதனால் இன்டர்வியூவில் உடனே எழுதத் தொடங்காமல் முதலில் கேளுங்கள்: பட்டியல் காலியாக இருக்கலாமா, எவ்வளவு பெரிதாக இருக்கலாம், ஒரே மதிப்பு இரண்டு முறை வருமா? யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். விடை முழுதாக வராவிட்டாலும் இந்தக் கேள்விகளைக் கேட்டவரை இன்டர்வியூ எடுப்பவர் மறக்க மாட்டார்.

ஏஐ கேட்டதும் கோடு எழுதித் தந்துவிடுகிறது. இனி நான் ஏன் கற்க வேண்டும்?

பயன்படுத்துங்கள், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது எழுதியது சரியா என்று சொல்ல யாராவது வேண்டும்.

ஒன்று செய்து பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டிலோ பைத்தானிலோ 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டுங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி பின்னங்களை இரும எண்ணில் வைப்பதால் 0.1-ஐத் துல்லியமாக வைக்க முடிவதில்லை. இப்போது பணக் கணக்குப் போட ஏஐயிடம் ஒரு ஃபங்ஷன் கேட்கிறீர்கள், அது இந்த இரும முறையில் வைக்கும் ஃப்ளோட் எண்ணிலேயே கூட்டித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பதிவு போட்டுச் சோதித்தால் சரியாகத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான பதிவுகள் சேர்ந்தபின் கணக்கு இடிக்கும். விஷயம் தெரிந்தவர் படித்த உடனே, தொகையை மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைக்கச் சொல்லுவார், அல்லது தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகைக்கு மாற்றுவார். இல்லாத ஃபங்ஷனை இருப்பதுபோல் ஏஐ அழைத்துவிடுவதும் உண்டு.

முதல் வருடத்தில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு அதனிடம் கேளுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைப் படியுங்கள். உங்களால் விளக்க முடியாத ஒரு வரியைக்கூட ரிவ்யூவுக்கு (டீமில் மற்றவர் கோடைச் சரிபார்ப்பதற்கு) அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் கோடையோ பாஸ்வேர்டையோ அனுமதி இல்லாமல் வெளிக் கருவியில் ஒட்டவும் கூடாது.

டெவலப்பர் வேலைக்கு முயன்றேன், டெஸ்டிங்கில்தான் கிடைத்தது. சேரலாமா?

சோதனையை நிரல் எழுதிச் செய்யும் ஆட்டோமேஷன் இருக்கிறதா, கோடைப் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பக் ரிப்போர்ட் எழுதும்போது எந்த வரியில் பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சில மாதத்தில் "சின்னத் திருத்தத்தை நானே செய்யட்டுமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை வந்துவிடும். கோடே கண்ணில் படாமல் இரண்டு வருடம் ஓடுகிறது என்றால் வேறு இடம் பாருங்கள்.

நேரடி டேட்டாபேஸில் நிபந்தனை போடாமல் அப்டேட் ஓட்டிவிட்டேன். எல்லாப் பதிவும் மாறிவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் போய்ச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் புதிய தகவல் அந்தக் கெட்ட தகவலின் மேல் சேர்கிறது, மீட்பது கஷ்டமாகிறது. "இத்தனை மணிக்கு இந்தக் கட்டளையை ஓட்டினேன், இந்த டேபிள் மாறிவிட்டது, அதன்பின் நான் எதையும் தொடவில்லை." இவ்வளவு போதும். நீங்களே தனியாகச் சரி செய்யப் பார்க்காதீர்கள்.

2017 ஜனவரி 31 அன்று, கோடைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. அந்த நேரத்தில் பேக்கப் முறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன் எடுத்திருந்த ஒரு நகலை வைத்துத்தான் மீட்டார்கள். அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல், மீட்கும் வேலையையே நேரலையில் காட்டியது. தனி ஒருவரின் கைத்தவறு என்று முடிக்காமல், பேக்கப்பை யாரும் சோதிக்காமல் விட்டது எப்படி என்று ஆராய்ந்தது. உங்கள் டீமும் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு நேரடி டேட்டாபேஸில் எழுதும் அனுமதியை ஏன் கொடுத்தோம் என்று யோசிக்க வேண்டும்.

மீட்ட பிறகு ஒன்று செய்யுங்கள். இனி எந்த அப்டேட்டுக்கும் முன் அதே நிபந்தனையோடு செலக்ட் ஓட்டி எத்தனை பதிவு வருகிறது என்று பாருங்கள். அப்புறம் டிரான்சாக்ஷனை (உறுதி செய்யும்வரை திரும்பப் பெறக்கூடிய மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கி, அப்டேட்டை ஓட்டி, மாறிய பதிவுகளின் எண்ணிக்கையைப் படியுங்கள். 3 என்று எதிர்பார்த்த இடத்தில் 30,000 என்று வந்தால், ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்பிவிடுங்கள்.