ஏட்டிலே லாபம், கையிலே கடன்

கேள்வி: எங்கள் முல்லை நகர் திடலில் செல்சி, மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போடாத பிள்ளைகள் குறைவு. கோடி கோடியாகச் சம்பாதிக்கும் இந்த இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகள் நட்டத்தில் ஓடுகின்றன என்கிறார்களே, எப்படி? செல்சி வாங்கிக் குவிக்க, எவர்டனுக்கு மட்டும் புள்ளி குறைத்தது ஏன்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: வருமானத்துக்குக் குறைவில்லை. 2025-26 முதல் நான்கு பருவங்களுக்கு பிரிட்டனுக்குள் ஒளிபரப்பும் உரிமைக்கு மட்டுமே, இந்த கிளப்புகள் ஆடும் முதல் பிரிவுத் தொடரான பிரீமியர் லீக் 670 கோடி பவுண்டு பெறுகிறது. ஆனால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் இந்த வரும்படி சரிந்துவிடும் என்ற அச்சத்தில், வந்த பணத்தில் பெரும்பங்கை ஆட்டக்காரர் சம்பளத்திலேயே கொட்டிவிடுகிறார்கள்.

நட்டத்துக்கு லீக் வைத்திருந்த வரம்பைத் தாண்டாமலிருக்க செல்சி காட்டிய சாமர்த்தியம் கணக்கெழுதும் முறையில் இருக்கிறது. காசிமேட்டில் விசைப்படகு வாங்கியவர் அதன் விலை முழுவதையும் முதல் வருட மீன் ஏலத்தில் கழித்துவிடுவதில்லை. படகு ஓடும் வருடங்களுக்கெல்லாம் பங்கிடுவார். அதுபோல, 10 கோடி பவுண்டுக்கு வாங்கிய ஆட்டக்காரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுச் செலவு 2 கோடிதான். செல்சி ஒப்பந்தத்தை எட்டாண்டு வரை நீட்டியதால், 2023 டிசம்பரில் பிரீமியர் லீக் இந்தப் பங்கீட்டை ஐந்தாண்டோடு நிறுத்தியது. விற்கும்போது கதை வேறு. கிளப்பிலேயே வளர்ந்தவருக்கு ஏட்டில் வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது என்பதால், விற்ற தொகை அப்படியே லாபமாகிவிடும். ஆறு வயதில் செல்சியில் சேர்ந்த மேசன் மவுண்ட் 2023இல் மான்செஸ்டர் யுனைடெடுக்குப் போனார். ஊர்ப் பையனை முதலில் விற்கத் தூண்டும் இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதல்ல. போதாததற்கு, மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் குழும நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று லாபம் எழுதியது செல்சி. லீக் விதி அதைத் தடுக்கவில்லை.

எவர்டனுக்கு இப்படி வழி கிடைக்கவில்லை. மூன்றாண்டு நட்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை மீறியதால் 2023 நவம்பரில் 10 புள்ளிகள் போயின. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. அதே பருவத்தில் இன்னொரு வழக்கில் மேலும் 2 போயின.

ஆகவே, ஏட்டு லாபத்தை வைத்து ஒரு கிளப்பின் நலத்தை எடை போடாதீர்கள். முதலாளியின் பை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். 2022இல் செல்சியை விற்ற ரோமன் அப்ரமோவிச், தான் கொடுத்திருந்த சுமார் 150 கோடி பவுண்டு கடனைத் திருப்பிக் கேட்கவில்லை. 2008இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மவுத் கிளப்புக்கு அப்படி ஒருவர் வாய்க்காமல், 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகியின் கைக்குப் போய், 9 புள்ளிகளையும் பிரீமியர் லீக் இடத்தையும் சேர்த்தே இழந்தது.