கோழி டாக்டர் பதில்கள்: சோளம் நிறைய, முட்டை குறைய

கேள்வி: குலசேகரம் பக்கம் 15 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறுகின்றன என்று சண்டை வந்ததால், மூன்று மாதமாக அடைத்துப்போட்டு உடைத்த மக்காச்சோளம் மட்டும் கொடுக்கிறேன். முட்டை பாதியாகிவிட்டது. ஒன்றின் இறகை ஒன்று கொத்துகிறது. சோளத்தில் புரதம் 9 சதவீதம் என்கிறார்கள். அதே சோளத்தைத் தின்னும் என் பசு குறையில்லாமல் கறக்கிறதே, டாக்டர்?
– வாசகி ஒருவர்

பதில்: சோளத்தில் புரதம் இருக்கிறது, அம்மா. ஆனால் அது முட்டைக்கு ஏற்ற புரதம் இல்லை.

தோவாளையில் மாணிக்கமாலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றும் வேண்டும். சிவப்பு தீர்ந்துபோனால் வெள்ளை கூடை கூடையாகக் கிடந்தும் மாலை அங்கேயே நின்றுவிடும். புரதமும் இப்படித்தான், பல அமினோ அமிலங்கள் சேர்ந்து கட்டிய மாலை. மக்காச்சோளப் புரதத்தில் பெரும்பங்கு ஸீன் (zein) என்ற வகை. அதில் லைசின், டிரிப்டோபான் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் மிகமிகக் குறைவு. கணக்கைப் பாருங்கள்: ஒரு முட்டைக்குள் மட்டும் சுமார் 0.4 கிராம் லைசின் இருக்கிறது. உங்கள் கோழி நாளெல்லாம் 80 கிராம் சோளம் தின்றாலும் அதற்குக் கிடைப்பது 0.2 கிராம்தான். மிச்சப் புரதம் வீணாகி எச்சத்தில் போகும். கூட்டில் அமோனியா நெடி ஏறுகிறதா என்று மோந்து பாருங்கள்.

அவிழ்த்துவிட்டிருந்தபோது கறையானும் மண்புழுவும் இந்தக் குறையை அடைத்தன. சண்டையில் போனது அதுதான்.

நானும் இதில் அடிபட்டவன். படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சமயம், வீட்டில் நாற்றம் தாங்காமல், கோழித்தவிட்டில் சாளைக் கருவாட்டுத் தலை போடக் கூடாது என்று அம்மாவிடம் சட்டம் போட்டேன். ஒரு மாதத்தில் முட்டைச்சட்டி காலி. "மக்களே, நீ மாட்டுக்குத்தான் படிச்சியா, கோழிக்குப் படிக்கலியா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பசு விஷயம் வேறு. அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தில் பெரும்பகுதியை உடைத்துத் தம் உடலாக மாற்றிக்கொள்கின்றன. பசு அப்புறம் அவற்றையே செரிக்கிறது, அந்தப் புரதத்தில் லைசின் தாராளம். கோழிக்கும் பன்றிக்கும் அந்த வசதி கிடையாது.

லைசின் கூடிய சோளமும் உண்டு. 1964-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஒபேக்-2 என்ற மரபணுவின் குணத்தைக் கண்டறிந்தார்கள். அதை விவசாயத்துக்கு ஏற்ற ரகமாக்கிய சுரிந்தர் வாசலுக்கும் எவஞ்சலினா வியேகாஸுக்கும் 2000-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தச் சோளத்தில் லைசின் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனாலும் மொத்தப் புரதம் அதே 9 சதவீதம் அளவுதான். அதனால் புண்ணாக்கு அப்போதும் தேவைப்படும்.

சரி, 10 கிலோ கலவைக்கு: உடைத்த சோளம் 6 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2, அரிசித்தவிடு 1, உப்பில்லாத கருவாட்டுத்தூள் 300 கிராம், கிளிஞ்சல் தூள் 700 கிராம். சோளத்தில் பாதிக்கு அரிசிக்குருணை போடலாம். அதில் புரதம் சற்றுக் குறைந்தாலும் லைசின் பங்கு சோளத்தைவிட மேல். உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம், கோழி தாங்காது. மீன்தூள் கூடினால் முட்டையில் வாடை வரும். பச்சை சோயாவை அரைத்துப் போடாதீர்கள், அது செரிமானத்தைக் கெடுக்கும். தேங்காய்ப் புண்ணாக்கு நம்மூரில் சுலபமாகக் கிடைக்கும் என்று அதையே நம்பினால் லைசின் குறை தீராது. மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இறகு உதிர்க்கும் பருவமா, அடைகாக்க உட்கார்ந்திருக்கிறதா, கூட்டில் நெருக்கடியா என்று பாருங்கள்.

இன்னொன்று: கடற்கரையில் பழைய மீன்வலை கேட்டு வாங்கி, அந்தக் கீரைப்பாத்தியைச் சுற்றி நீங்களே கட்டிக்கொடுங்கள். பிறகு சாயங்காலம் ஒரு மணி நேரம் கோழிகளைத் திறந்துவிடலாம்.