வாட்ஸ்அப் குழுவிலிருந்து மேமோகிராம் வரை

கேள்வி: எங்கள் மாதர் குழுவின் வாட்ஸ்அப்பில் 60 பேர் இருக்கிறோம். பாதிக்கு மேல் 50 வயதைத் தாண்டியவர்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் மார்பகப் புற்றுநோய் பற்றிய படங்கள், செய்திகள் எல்லாம் அனுப்புகிறேன். எல்லாரும் கைகூப்பும் படம் போடுகிறார்கள். ஆனால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. கைப்பேசியை வைத்து வேறு என்ன செய்யலாம்? (வாசகி, ஈசூன்)

பதில்: சிங்கப்பூர்ப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான் என்று உங்கள் தோழிகள் பலமுறை கேட்டிருப்பார்கள். "போகணும்" என்று நினைக்கிறார்கள், நாள் மட்டும் குறிப்பதில்லை. நீங்கள் உதவ வேண்டிய இடம் அதுதான்.

லண்டனில் ஹில்லிங்டன் என்ற வட்டாரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. முதன்முறை மார்பகப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், குறித்த நாளுக்கு 48 மணி நேரம் முன்பு ஒரு குறுஞ்செய்தி போனது. செய்தி போகாதவர்களில் சுமார் 59 விழுக்காட்டினர் வந்தார்கள், போனவர்களில் சுமார் 64 விழுக்காட்டினர். அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு தேதி இருந்தது என்பதைக் கவனியுங்கள். தேதியே இல்லாதவருக்கு எதை நினைவூட்டுவது?

அதனால் குழுவில் பொதுவாகப் போடுவதை விட்டுவிட்டு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். அரை நிமிடக் குரல் பதிவு போதும்: "அக்கா, அடுத்த புதன்கிழமை காலையில நான் மேமோகிராம் எடுக்கப் போறேன். உங்களுக்கும் சேர்த்து நேரம் பார்க்கட்டுமா?" இதற்கு அவர் ஆம், இல்லை என்று ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அறுபது பேருக்கும் பேச நேரமில்லை என்றால் வாட்ஸ்அப்பின் 'பிராட்காஸ்ட்' பட்டியலைப் பயன்படுத்துங்கள். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சேரும். "யாரெல்லாம் பரிசோதனை செய்தீர்கள்?" என்று குழுவில் வாக்கெடுப்பு மட்டும் வைக்காதீர்கள். யார் எதைத் தொட்டார் என்று அதில் எல்லாருக்கும் தெரியும். சம்பந்தியும் மருமகளும் இருக்கும் குழுவில் யார் வாயைத் திறப்பார்கள்?

பொதுவான வழிகாட்டல் இதுதான்: 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நாற்பதுகளில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். ஹெல்த்ஹப் என்ற அரசின் சுகாதாரச் செயலியில், சிங்பாஸ் என்ற மின்னடையாளம் வழியாக நுழைந்து பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நேரம் எடுக்கலாம். செயலி பழகாத அம்மாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள். மறைச்சொல்லையோ அடையாள அட்டை எண்ணையோ கேட்டு வாங்காதீர்கள். இணைப்புகளையும் அனுப்ப வேண்டாம், எதையும் தொடாதே என்று பிள்ளைகள் சொல்லி வைத்திருப்பார்கள், அதுவும் சரிதான். 2024 ஜூலை முதல் அரசு அமைப்புகளின் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் 'கவ்.எஸ்ஜி' (gov.sg) என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன என்பதையும் சொல்லி வையுங்கள்.

அப்புறம், மற்றவர்கள் சொல்லத் தயங்குவதைக் குரல் பதிவில் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். படம் எடுப்பவர் பெண்தான். தட்டுக்கு இடையில் அழுத்தும்போது வலிக்கும், ஆனால் சில விநாடிகள்தான். அன்று அக்குளில் பவுடர், டியோடரண்ட் போடக்கூடாது. சேலையைவிடப் பஞ்சாபி சூட் வசதி, மேலாடையை மட்டும் கழற்றினால் போதும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள் என்றுதான் நம் பெண்களில் சிலர் பின்வாங்குகிறார்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் தயங்காமல் முதலிலேயே கேட்கலாம், முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். படித்த பெண்ணும் மனத்துக்குள் வைத்துப் புழுங்கும் விஷயம் இது, அற்பம் என்று நினைக்காதீர்கள். மீண்டும் வரச்சொல்லிக் கடிதம் வந்தாலும் பதற வேண்டாம், அப்படி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

கட்டி, காம்பிலிருந்து இரத்தம், தோல் உள்வாங்குதல் என்று ஏதாவது இருப்பதாக யாராவது உங்களிடம் சொன்னால், பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசி கேமராவாலும் வெப்பப் படத்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று வரும் விளம்பரங்களைக் குழுவில் விடாதீர்கள். மேமோகிராமுக்கு அவை ஈடாகா.

இன்னொன்று, அக்டோபரை விட்டுவிடுங்கள். நவராத்திரி, முறுக்கு, தேக்காவில் (லிட்டில் இந்தியா) தீபாவளிக் கூட்டம் என்று நம் பெண்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம் அது. தைப்பூசம் முடிந்த இரண்டாவது வாரம் முதல் குரல் பதிவை அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் மேமோகிராமுக்கு நேரம் எடுத்துவிடுங்கள்.