ஊரடங்கில் பிள்ளைகளின் மனம் மாறியதற்குச் செல்போன் மட்டும்தான் காரணமா?

கொரோனா ஊரடங்குக் காலத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனநலம் உண்மையிலேயே பாதிக்கப்பட்டதா, இல்லை செல்போனிலேயே கிடந்ததற்குச் சொல்லும் சாக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் பல ஆண்டுகளாக உயர்நிலை, மேல்நிலைப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: பாதிப்பு உண்மை. செல்போன் பெரும்பாலும் அவர்கள் போய் ஒதுங்கிய இடம்தானே தவிர, தொடக்கம் அல்ல.

2020 கோடையில் சென்னையிலேயே தொற்று மிகுந்த மண்டலமாக ராயபுரம் இருந்தது. தொற்று கண்ட தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தார்கள். வடசென்னையில் ஒரே அறையும் சமையல் மூலையும் மட்டுமே உள்ள வீடுகள் ஏராளம். அங்கே வளரும் பிள்ளைக்குத் தெருதான் தனியறை. பள்ளிக்கு நடந்து போகும் வழி, மாநகராட்சி மைதானம், கேரம் பலகை, டியூஷன் முடிந்து வாசலில் நின்று பேசும் சிறிது நேரம் என இவற்றில்தான் அவர்கள் பெற்றோரின் கண் படாமல் தாங்களாக இருந்தார்கள். வீட்டிலிருந்து கொஞ்சம் விலகி, நண்பர்களோடு பழகித் தன்னை அறிந்துகொள்ள வேண்டிய வயதில், அவை அத்தனையும் ஒரே வாரத்தில் இல்லாமல் போயின.

என்னிடம் படித்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன், லோடு ஆட்டோ ஓட்டும் அப்பாவோடு காலையில் போய்விடும். இரவு அவர் திரும்பிய பிறகு, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் கேட்பாள். யாராவது ஏறி வந்தால் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு மைக்கை அணைத்துவிடுவாள். ஒருநாள் பாடம் முடிந்தும் இணைப்பைத் துண்டிக்காமல், "மிஸ், ஸ்கூல் திறக்கும்போது என்னை யாருக்காவது ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள். வீட்டிலோ அவளுக்குத் திமிர் கூடிவிட்டதாகப் புகார். இந்த வயதில் மனச்சோர்வு பல நேரங்களில் அழுகையாக வராமல் எரிச்சலாகவும் எதிர்ப்பேச்சாகவும் வருவதால், பெரியவர்களுக்கு அது நோயாகத் தோன்றுவதில்லை. இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்கியதும் வெறும் சோம்பல் அல்ல. பருவ வயதில் தூக்கம் இயல்பாகவே தாமதமாகத்தான் வரும். பள்ளி மணி இல்லாதபோது அது கட்டுமீறிப் போனது.

பலரும் பேசாத இன்னொரு இழப்பு தேர்வு. 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அதே பிள்ளைகள் மறு ஆண்டு பதினொன்றாம் வகுப்பிலும் தேர்வின்றித் தேர்ச்சி பெற்றதால், அவர்கள் எழுதிய முதல் பொதுத்தேர்வே 2022 மே மாதத்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுதான். வெளியே அவர்களை 'ஆல் பாஸ்' என்று கேலி செய்தார்கள். தேர்வு நெருங்கியபோது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கே கை நடுங்கியதைப் பார்த்தேன். வேலைக்குப் போய்ப் பழகிவிட்டதால் வகுப்புக்கே திரும்பாத பையன்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இது எங்கள் பகுதியின் கதை மட்டும் அல்ல. தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்றும், இளையோரும் பெண்களும் அதிகம் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளையை நினைத்துக் கேட்டிருந்தால், செல்போனைப் பிடுங்குவதற்கு முன் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். விலகலும் தூக்கக் கேடும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். உயிரை விடுவது பற்றி ஒரு சொல் வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் செல்போன் புகாரோடு தொடங்காமல், தூக்கமும் சாப்பாடும் பேச்சும் எப்போதிலிருந்து மாறின என்பதை முதலில் சொல்லுங்கள்.