அப்பாவின் டிரான்சிஸ்டர்

ஐயா,

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். போன மாதம் புது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கி, ஹால் ஷோகேஸின் இரண்டு மூலையிலும் வைத்தேன். 12 அடி ஹால். வீணை, சபாவில் கேட்டதுபோல் இல்லை. அப்பாவோ திண்ணையில் பழைய டிரான்சிஸ்டரோடு கண்ணை மூடித் தலையாட்டுகிறார். நிஜம்போலக் கேட்க இன்னும் எதை மாற்ற வேண்டும்? விலை உயர்ந்த வயர் வாங்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வயரை முதலில் முடித்துவிடுகிறேன். 15 அடிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். உங்கள் ஊர் உப்புக்காற்றில் நுனி பச்சை பூக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவி முடுக்குங்கள்.

சபாவில் கேட்டதுபோல் இல்லையாமே! சபாவில் எதைக் கேட்டீர்கள்? வீணைக்குச் சன்னமான குரல். அதில் மைக்கை ஒட்டி, மேடைக்கு இருபுறமும் நிறுத்திய பெட்டிகள் வழியாக வந்ததைத்தான் பத்தாவது வரிசையில் கேட்டிருப்பீர்கள். ஒரு ஸ்பீக்கரை நிஜமென்று வைத்துக்கொண்டு இன்னொரு ஸ்பீக்கரைத் திட்டுவது என்ன நியாயம்? மைக் இல்லாமல் ஐந்தடி தள்ளி உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். வீணைத் தண்டியில் வரிசையாக இருக்கும் மெட்டுமேல் தந்தி உரசுவதுகூடக் கேட்கும். பின்வரிசைக்கு அது எட்டாது.

உங்கள் அப்பா ஏமாறவில்லை. ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆணின் ஆதார சட்ஜம், அதாவது 'ச', சுமார் 130 ஹெர்ட்ஸ். மூன்று அங்குல ஸ்பீக்கரில் அது உருப்படியாக வராது. ஆனால் அதன் மடங்குகளான 260, 390, 520 எல்லாம் வந்துவிடும். அவற்றுக்கு நடுவே 130 என்ற இடைவெளி சீராக விழுவதைப் பிடித்துக்கொண்டு, வராத சட்ஜத்தை மூளையே கேட்டுக்கொள்கிறது. மீடியம் வேவில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக எதுவும் கிடையாது. கஞ்சிராத் தகட்டின் கிலுக்கு மங்கும், தம்புராவின் ஜீவாளி ரீங்காரம் கொஞ்சம் குறையும். சாகித்தியமும் கமகமும் எங்கும் போகாது. இல்லாததைக் காது மன்னித்துவிடுகிறது. வேண்டாதது வந்து சேர்ந்தால்தான் மன்னிக்காது.

உங்கள் வீட்டில் சேர்ந்திருப்பது அதுதான். 12 அடி அறையில் 47 ஹெர்ட்ஸ் வாக்கிலும் அதன் இரட்டிப்பான 94-லும் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். பெட்டியை மூலையில் தள்ளினால் அந்த வீக்கம் இன்னும் ஏறும்; மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி அடி குடத்துக்குள் தட்டியதுபோல் கேட்கும். இதற்கு ஆம்ப்ளிஃபயர் என்ன செய்யும், பாவம்! ஷோகேஸிலிருந்து எடுத்து, சுவரைவிட்டு ஒன்றரை அடியாவது முன்னே இழுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு தள்ளி உட்காருங்கள். பெட்டியில் கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும்: பாயில் உட்கார்ந்தால் சுமார் இரண்டரை அடி, நாற்காலி என்றால் மூன்றரை. பிறகு நடு அறையில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டர்ர்' என்று வால் நீண்டால், மொசைக் தரையில் கனத்த ஜமுக்காளம், ஜன்னலுக்குத் துணித்திரை.

கடைசியாக, செய்தி வாசிப்பவர் குரலைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். அறையெங்கும் சிதறி, அடிக்குரலும் மெலிந்தால் ஒரு பெட்டியில் சிவப்பு முனையும் கறுப்பு முனையும் மாறியிருக்கிறது. அதை மட்டும் திருப்பி மாட்டுங்கள்.

இதையெல்லாம் பகலில் செய்யுங்கள். சாயங்காலம் அப்பா டிரான்சிஸ்டர் கேட்கிற நேரத்தில் வேண்டாம்.